மணம் கெட்ட புரட்டாதி

செப்டெம்பர் 20, சனி

பற்பசை சாக்கடை மணக்கிறது. சவர்க்காரம் ஊறிப்போன பழந்துணி மணக்கிறது. இன்னும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை, அதற்குள் இரண்டு.

மார்ச் மாதத்துக் காய்ச்சலோடு எனக்கு மணமே இல்லாமல் போனது. அப்போது அழுதேன். இப்போது நினைத்தால் அந்த மாதங்கள்தான் சொர்க்கம். ஜூனில் மணம் திரும்பி வந்தது, பிழையாக வந்தது. கோப்பி என்றால் எரிந்த ரப்பர். பொரித்தது எதுவும் செத்த எலி. வெங்காயம், உள்ளி பற்றி எழுதும்போதே பேனையை வைத்துவிட்டு மூக்கைப் பொத்துகிறேன். நரம்பு புதிதாக முளைக்கிறது, இடம் மாறிக் கொழுவிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள் என்று மூக்கு டொக்டர் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். மணந்து பழகச் சொல்லி நாலு சின்னப் போத்தல் எழுதித் தந்தார். நான் அழப்போகிறேன் என்று கண்டதும், சாப்பாட்டில் சந்தோஷம் தேடாதீர்கள், வாசியுங்கள், எதையாவது கேளுங்கள், ஒவ்வொரு நாளும் பிடித்த சின்ன விஷயம் ஒன்றை எழுதிப் பாருங்கள் என்றார். இலையுதிர்காலம் தொடங்குகிறதாம், அழகான காலமாம். அவருக்கென்ன.

சரி, எழுதுகிறேன்.

வாசித்தது: இனிமேல்தான். கடைக்கு இன்று வர்ஷினி வந்தாள். தோட்டுத் திருகாணி மாற்ற வந்து பழக்கமான சென்னைப் பிள்ளை, கணினி வேலை. என் கதையைக் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துத் தந்தாள். "செம்ம புக் அக்கா. லீவ் போட்டுப் படிச்சேன். நீங்க படிச்சுட்டு சொல்லுங்க."

கேட்டது: கடைக்குள் நாள் முழுக்கத் தராசுத் தட்டு படும் சத்தம்.

சந்தோஷம்: பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் இத்தனை தமிழ்க் கடைகள் இருக்க எனக்கு நகைக்கடையில் வேலை கிடைத்தது. தங்கத்துக்கு மணம் இல்லை. போட்டுப் பார்க்க வருகிற கழுத்துகளுக்கு இருக்கிறது. ஆனால் தங்கத்துக்கு இல்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

இவருக்கு லீவு. காலையிலேயே பல்கனியில் மின்சார அடுப்பை வைத்து ஆட்டிறைச்சி காய்ச்சினார். ஜூனில் நான் குசினியில் மயங்கி விழப் பார்த்த பிறகு அந்த அடுப்பை வாங்கி வந்தார். மழையென்றாலும் குளிரென்றாலும் சமையல் வெளியேதான். யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பளித் தொப்பியோடு நின்று கிண்டுகிறார். மேல்வீட்டுக்காரி புகை வருகிறது என்று கத்தினாள். இவர் அகப்பையைத் தூக்கிக் கும்பிட்டார்.

இப்படிப்பட்ட மனிசனிடம் எப்படிச் சொல்வது?

நான் சொல்லவில்லை. சாப்பாடு மணக்கிறது, கோப்பி மணக்கிறது, ரயில் மணக்கிறது, எல்லாம் சொன்னேன். அவர் மணக்கிறார் என்று மட்டும் சொல்லவில்லை. பதினாலு வருசமாக ஒரே ரெஸ்ரோறன்ரில் சூட்டடுப்புப் பக்கம் நிற்கிறார். தினமும் ஒரு மூட்டை வெங்காயம் வதக்கி வெங்காய சூப் வைக்கிறார். வேலை முடிய அங்கே ஒருதரம் குளித்து, வீட்டில் ஒருதரம் குளித்தாலும் அது தோலுக்குள் இருக்கிறது. காதுக்குப் பின்னால், முடியின் அடியில், விரல் நகத்தில். முன்பு அதுதான் எனக்குப் பிடித்த மணம். வெண்ணெயும் பாணும் மணக்க வந்து பக்கத்தில் படுப்பார், எனக்கு நித்திரை வந்துவிடும். இப்போது அவர் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்குகிறேன்.

நாரிப்பிடிப்பு, இடுப்பு நோகிறது என்று பொய் சொல்லி ஜூலையிலிருந்து மகள் கஜனியின் அறையில் படுக்கிறேன். போன மாதம் எனக்காக விலை கூடிய மெத்தை ஒன்று வாங்கி வந்து போட்டார். தனியாக அவர்தான் அதில் படுக்கிறார்.

வாசித்தது: வர்ஷினியின் நாவல், இருபது பக்கம். மலை ஊர் ஒன்றில் தங்கும்விடுதி நடத்தும் குடும்பம். முதல் பக்கத்தில் மண்வாசனை. மூன்றாம் பக்கத்தில் கருவாடு. ஏழாம் பக்கத்தில் மல்லிகையும் வியர்வையும் கலந்த ஒரு பெண். ஏன் இந்த எழுதுகிற ஆட்களுக்கு மூக்கைத் தவிர வேறொன்றும் இல்லையா? ஒருத்தி அடுப்படிக்குப் போனால் அவள் என்ன நினைத்தாள் என்று எழுதமாட்டார்கள், தாளித்த வாசம் எழுதுவார்கள். பதினெட்டாம் பக்கத்தில் கோழி வறுத்தார்கள். புத்தகத்தைச் சோபாவுக்குக் கீழே எறிந்தேன்.

சந்தோஷம்: குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பச்சை முந்திரிகை, அதாவது திராட்சை. அதற்கு மணமும் இல்லை, ருசியும் பெரிதாக இல்லை. பல்லுக்கடியில் வெடித்தது.

செப்டெம்பர் 22, திங்கள்

மானம் போனது.

இன்று நவராத்திரி தொடக்கம். எனக்கு ஞாபகமே இல்லை. பதினொரு மணிக்கு முதலாளி சிவமணி அண்ணை கடைக் கதவைச் சாத்திவிட்டு, லட்சுமி படத்துக்கு முன்னால் சாம்பிராணித் தட்டோடு நிற்கிறார். "தங்கச்சி, மணியை எடும்" என்றார். மணியை எடுத்தேன். புகை என் பக்கம் திரும்பியது. சாம்பிராணியாம்! கோடை வெயிலில் ஒரு கிழமை கிடந்த குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டது போல. மணியைக் கண்ணாடி மேசையில் போட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடி, பக்கத்துச் சீலைக்கடை வாசலில் சத்தி எடுத்தேன். நல்ல நாளும் அதுவுமாக, வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த பொம்மையின் கால்மாட்டில். பொம்மைக்குப் பட்டுச்சீலை உடுத்தியிருந்தது. பட்டதோ தெரியாது. நான் பார்க்கவில்லை.

சீலைக்கடை மர்கரீத் அக்கா வெளியே வந்து முதுகைத் தடவினா. தண்ணீர் தந்தா. வாசலைத் தானே கழுவினா. நல்ல மனுசி. அவவின் கைக்கிறீம் எனக்கு இரண்டாம் தரமும் சத்தி வரவைத்தது.

"எத்தினை நாளாப் பிள்ளை இப்பிடி?" என்றா.

"ஜூனிலயிருந்து அக்கா."

"ஓம் ஓம்" என்றா. சிரித்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினா. ஏன் அப்படிச் சிரித்தா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சந்தோஷம்: இல்லை. டொக்டர் மன்னிக்கட்டும்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

மழை. சார்செலிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் ஈரக் கோட்டுகள். எல்லோரும் அலுமாரியிலிருந்து குளிர் உடுப்பை எடுத்துவிட்டார்கள், பூச்சி உருண்டை மணத்தோடு. கழுத்துச் சால்வைக்குள் எலுமிச்சைத் தோலை வைத்து முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். எலுமிச்சை ஒன்றுதான் இன்னும் எலுமிச்சையாக இருக்கிறது.

கேட்டது: தமிழ் வானொலியைப் போட்டேன். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு செய்முறை. மாற்றினேன். பிரெஞ்சில் கடல் வானிலை அறிக்கை அகப்பட்டது. தென்மேற்குக் காற்று, வேகம் ஐந்து, பிறகு ஆறு, அலை உயரும், பார்வைத் தூரம் நல்லது. ஒருத்தி ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனாள். எனக்குப் படகும் இல்லை, கடலும் இல்லை. கார் து நோர் நிலையம் வரும்வரை கேட்டேன். யாரும் எதையும் பொரிக்கவில்லை.

இது சந்தோஷம்தான். எழுதி வைக்கிறேன்.

செப்டெம்பர் 24, புதன்

கடைக்குள் கால் வைத்ததும் சிவமணி அண்ணை தானே கதிரையை இழுத்துப் போட்டார். "இருந்துகொண்டு வேலை செய்யும். பெட்டியளைத் தூக்கவேண்டாம்" என்றார். திங்கட்கிழமை விஷயத்துக்குக் கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டு போன எனக்குக் கண் கலங்கியது. என்ன நல்ல மனிசன் என்று நினைத்தேன்.

மத்தியானம் மர்கரீத் அக்கா கடுதாசிப் பை ஒன்றோடு வந்தா. உள்ளே மாங்காய். பச்சை மாங்காய் மூன்றும் உப்புத்தூள் பொட்டலமும்.

"எனக்கும் கடைசிப் பெடியன் நாப்பத்துமூண்டிலதான். வெக்கப்படாதை பிள்ளை. பிரான்ஸில நல்லாப் பாப்பினம்."

எனக்குப் பேச்சு கூடிப்போய் வந்தது. அக்கா, எனக்கு நாப்பத்தாறு. அக்கா, இது மூக்கு வருத்தம். அக்கா, நரம்பு. அவ என் கையைப் பிடித்து, "ஓம், கண்ணூறு படும், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுதான்" என்று கண்ணைச் சிமிட்டினா.

தெருவில் நடக்கிறேன், எல்லோர் கண்ணும் என் வயிற்றில். பாக்குக் கடைக்காரன் வழி விடுகிறான். யாரோ ஒரு கிழவி என்னைத் தெரியாமலே தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறா. எவ்வளவு அருவருப்பு! ஒரு பொம்பிளை சத்தி எடுத்தால் இந்தத் தெருவுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்.

மாங்காயை ரயிலில் மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய். கார்ஜ் நிலையத்துத் தொட்டியில் போட்டேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

எழுதத்தான் வேண்டும், வேறு ஆரிட்டச் சொல்றது?

கஜனி பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் பத்து மணிக்குத்தான் போவார். குசினி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

"நேற்று மர்கரீத்தின்ர மனுசன் பிளாட்பாரத்தில என்னைக் கண்டு கை குடுத்தவர்."

"என்னத்துக்கு?"

"வாழ்த்துச் சொன்னவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். ஐயோ, அந்த மனுசி கதையை உங்களிட்டையும் கொண்டந்திட்டாளா என்று சொல்லப்போனேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்கள் ரெண்டு பேரும் மே மாசத்துக்குப் பிறகு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு கேட்டார். மெல்லமாகத்தான் கேட்டார்.

"ஆற்றை?"

இருபது வருசம். ஆற்றை, யாருடைய பிள்ளை எண்டு கேட்டார். பிருந்தாபன், நீங்கள், என்னட்டை.

எனக்குள் என்ன எழும்பியது என்று எழுதத் தெரியவில்லை. சாம்பிராணியும் செத்த எலியும் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. நாலு மாதமாக இந்த மனிசன் மனம் நோகக்கூடாதென்று மூச்சைப் பிடித்துப் பிடித்து நெஞ்சு நோகிற நான்! சப்பாத்து ஒரு காலில், மற்றக் கால் வெறும் காலாக, எழும்பிக் கத்தினேன்.

"பிள்ளையுமில்லை ஒண்டுமில்லை! எனக்கு நாரியும் நோகேல்லை! உங்களிலதான் மணக்குது. விளங்குதோ? நீங்கள் வர முதலே உங்கட மணம் லிஃப்டில வருது. நாறின வெங்காயம். பக்கத்தில வந்தாக் குமட்டுது. உங்களைத் தொடேலாது. அதுதான் பிள்ளையின்ர அறையில படுக்கிறன். போதுமோ?"

அவர் வலது கையைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு இடது கையை. பிறகு இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். நேரம் ஆகவில்லை. பிளாட்பாரத்தில் இரண்டு ரயிலை விட்டேன்.

செப்டெம்பர் 26, வெள்ளி

நேற்று அவர் வீட்டுக்கு வரவில்லை. "செவ்ரானில் ராசனோட நிக்கிறன். கதவைப் பூட்டிப் படுங்கோ" என்று செய்தி. ராசன் அவரோடு வேலை செய்கிற பொடியன்.

வீட்டில் இன்று அவர் மணம் இல்லை. சாக்குப்போக்குச் சொல்லாமல் எழுதினால், காலையில் கண் விழித்ததும் முதலில் வந்தது நிம்மதி. வரவேற்பறையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். இரண்டாவது மூச்சிலேயே என்னில் எனக்கு அருவருப்பு வந்துவிட்டது.

கஜனி பின்னேரம் பையை எறிந்துவிட்டுப் பிரெஞ்சில் பிடித்தாள். அப்பாவிடம் என்ன சொன்னாய், அவர் தொலைபேசியில் அழுகிறார் என்றாள். "தெகெலாஸ், மம்மோ" என்றாள். அருவருப்பு என்பதற்கு அவர்களுடைய சொல் அது. சரியான சொல்லும்தான். பிறகு கொஞ்சம் தணிந்து தமிழுக்கு வந்தாள்.

"என்ர ஸ்ப்ரே மணக்குது எண்டு எனக்கு உடனே சொன்னீங்கள்தானே? நான் எறிஞ்சிட்டன். கோபிச்சனானா? அப்பாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஸ்ப்ரேயை எறியலாம். அப்பா தன்ர குசினி வேலையை எங்க எறியிறது?"

"அதை அவர்தானே சொல்லவேணும்" என்றாள்.

பதினேழு வயது. எனக்குக் கன்னத்தில் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கட்டிப்பிடித்தேன். ஷம்பூ! அவளே விலகி, "தெரியும், தெரியும்" என்று யன்னலைத் திறந்துவிட்டாள்.

வாசித்தது, கேட்டது, சந்தோஷம்: ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 27, சனி

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் ரெஸ்ரோறன்ர்காரருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவேளை விடுவார்கள். கூப்பூர் என்பார்கள். இத்தனை வருசத்தில் அந்த நேரத்தில் இவர் எனக்குத் தொலைபேசி எடுத்ததே இல்லை. உடுப்பு மாற்றும் அறையில் கால் நீட்டிப் படுத்துக் கிடப்பார். இன்று எடுத்தார். கடைக்குள் ஆட்கள். சிவமணி அண்ணையிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்தில் நின்றேன்.

"கேக்கக்கூடாததைக் கேட்டிட்டன்" என்றார்.

"நானும் சொல்லக்கூடாததைச் சொன்னன்."

"இல்லை. நீர் சொன்னது சரி. சொன்ன விதம்தான்..." அவருக்குப் பின்னால் எங்கோ தட்டுகள் அடுக்கும் சத்தம். "துஷி, சரியா என்ன மாதிரி மணக்குது?"

கோபமாகக் கேட்கவில்லை. சமையல்காரன் கேட்பது போலக் கேட்டார், உப்புக் கூடவா குறையவா என்று. நானும் யோசித்துச் சொன்னேன். வெங்காயத்தை உரித்து பிளாஸ்ரிக் பையில் கட்டி வெயிலில் வைத்து, அதற்குள் ஒரு பழைய செருப்பையும் போட்டால் வரும் மணம் என்று.

"செருப்பு எந்தச் செருப்பு? தோலா றப்பரா?"

"றப்பர்."

சிரித்தார். நானும் சிரித்தேன், மூக்கிலிருந்து நீர் வரும் அளவுக்கு. அப்போதுதான் கவனித்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு இவ்வளவு கிட்ட, காதோடு காதாக நிற்கிறேன், மூச்சைப் பிடிக்கவில்லை. குரலில் மணம் இல்லை.

தொலைபேசியை வைக்க மனம் வரவில்லை இரண்டு பேருக்கும். "சோபாவுக்குக் கீழை ஒரு புத்தகம் கிடந்தது. கொண்டந்திட்டன். நீர் ஏன் முடிக்கேல்லை?" என்றார்.

"நாறுது."

"புத்தகமோ?"

"பக்கத்துக்குப் பக்கம் சமைக்கினம்."

"அப்ப பொறும். நான் வாசிக்கிறன். சமைக்கிற இடத்தை விட்டிட்டு வாசிக்கிறன்."

இந்த மனிசன் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்துக்கு மேல் வாசித்து நான் கண்டதில்லை. எழுத்துக் கூட்டாத குறையாக, மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி வாசித்தார். மலை ஊர். மழை. விடுதிக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். "இதில மீன் பொரிக்கினம், ரெண்டு பந்தி விடுறன்... இதில மல்லிகைப்பூ, அது உமக்கு எப்பிடி?" அதுவும் வேண்டாம் என்றேன். "சரி, பூவும் இல்லை." அந்தப் பெண் பூவில்லாமல் படியிறங்கி வந்தாள். வந்தவனிடம் பெட்டியை வாங்கினாள். அவள் என்ன நினைத்தாள் என்று எழுதியிருக்கிறார்கள்! சமையலுக்கு இடையில் மூடிக்கிடந்திருக்கிறது, நான்தான் போய்ச்சேரவில்லை.

பாலத்துக்குக் கீழே ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, போனதும் தொடர்ந்தார்.

சந்தோஷம்: இது. கால் விறைத்துப்போனது, அதுவும் சேர்த்து.

செப்டெம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்தார். சோபாவில் படுக்கை விரித்துக் கொடுத்தேன். எல்லா யன்னலும் திறந்து கிடக்கிறது. மூன்று பேரும் கோட்டோடு இருந்து வெள்ளைச் சோறும் தயிரும் சாப்பிட்டோம். அவர் மேசையின் அந்தக் கரையில்.

மணக்கிறது. பேசிக்கொண்டோம் என்பதற்காக மூக்கு மனம் மாறுமா?

செப்டெம்பர் 30, செவ்வாய்

இன்றும் பாலம். விடுதிக்காரன் மகள் பொல்லாதவள். வந்தவனின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள். நான் "ஐயையோ" என்று கத்த, அவர் "பொறும் பொறும், கத்தாதையும், அவன் படியில வாறான்" என்றார். எண்பது பக்கம் வந்துவிட்டோம். சாப்பாட்டைக் கழித்தால் அது மெல்லிய புத்தகம்தான்.

சிரித்துக்கொண்டு திரும்பும்போது மர்கரீத் அக்கா வாசலில். "பிள்ளைக்குப் பேர் தேடுறியளோ ரெண்டு பேரும்?"

"ஓம் அக்கா" என்றேன். என்னவோ போகட்டும். ஏழாம் மாதத்தில் அவவே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் தெரு சகிக்கவில்லை. குளிர் தொடங்கியதும் மெட்ரோ வாசலில் சோளமும் கஸ்தான் கொட்டையும் சுடத் தொடங்கிவிட்டார்கள். ஊரெல்லாம் புகழும் மணம். பாரிஸ் முழுக்கத் தலைமுடி எரிகிறது. லா ஷப்பேல் மெட்ரோவடியில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு தெருவின் மறுபக்கமாக ஓடினேன்.

ஒக்டோபர் 4, சனி

இரண்டு நாளாகச் சந்தேகம். அவர் லிஃப்டில் வருவது எனக்குத் தெரியவில்லை. முந்தி ஐந்தாம் மாடிக்கு வர முதலே தெரியும். காய்ச்சல் திரும்ப வந்து மணமே போய்விட்டதோ என்று ஓடிப்போய்க் கோப்பிப் போத்தலைத் திறந்து மணந்தேன். எரிந்த ரப்பர். மூக்கு அப்படியேதான் இருக்கிறது.

இன்று பாலத்தில் நின்று கேட்டேன்.

"வேலையை விட்டிட்டியளோ?"

"இல்லையே."

"அப்ப?"

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "சூட்டுப் பக்கத்தை விட்டிட்டன். குளிர்ப் பக்கத்துக்கு மாத்தித் தரச் சொல்லி முதலாளியைக் கேட்டன். சலாட், பழம், சீஸ் தட்டு. அடுப்பை ராசனிட்டைக் குடுத்தாச்சு."

"ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?" எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அடுப்புக்கு வர அவர் ஆறு வருசம் பாத்திரம் கழுவினார். ஷெஃப் லீவில் போனால் குசினியே இவர் கையில் இருந்தது. சலாட் பிய்க்கிறது புதிதாக வந்த பொடியங்களுக்குக் கொடுக்கிற வேலை. "உங்களுக்கு விசரோ? என்ர மூக்கு நாளைக்குச் சரி வந்திடும், அப்ப என்ன செய்வியள்?"

"அப்ப திரும்பக் கேப்பன்."

"தருவினமோ?"

"தராட்டிலும் என்ன. ராசன் சூப்பை நல்லா வைக்கிறான்" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்குக் கேட்டது. காதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே. "துஷி, சூட்டுச் சட்டி பிடிச்ச கைக்கு ஒவ்வொரு இலையா அடுக்கத் தெரியேல்லை. நேற்று சின்னப் பெடிச்சி ஒருத்தி எனக்குக் காட்டித் தாறாள்."

"வெங்காயம்?"

"அவள் வெட்டுறாள். நான் தொடுறேல்லை."

ரயில் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு என் மூக்கைப் பிய்த்துத் தண்டவாளத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் முதுகு நோகாமல் எழும்பினேன். கஜனியின் கட்டில் குறுகியது, எப்போதும் சுவரோடு ஒட்டித்தான் விழிப்பேன். இன்று கை நீட்ட இடம் இருந்தது. அவர் வாங்கிப் போட்ட மெத்தை. நல்ல மெத்தைதான்.

பக்கத்தில் அவர் வாய் திறந்து நித்திரை. வெளியே இலைகள் ஈரமாய்ப் பல்கனியில் ஒட்டிக் கிடந்தன. கஜனி இன்னும் எழும்பவில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது.

வேண்டுமென்றே குனிந்து அவர் காதுக்குப் பின்னால் மணந்து பார்த்தேன். ஓம், இன்னும் மணக்கிறது. முந்திய அளவுக்கு இல்லை. பழைய வெங்காயம், தூரத்தில் எங்கோ. எழும்பிப் போகலாம் என்று காலைக் கீழே வைத்தேன். நிலம் குளிர்ந்து கிடந்தது. காலைத் திரும்ப எடுத்து, போர்வைக்குள் விட்டு, அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தேன்.